ஸ்டார்ட்அப் தொடங்குகிறீர்களா? முதல் ஆளை எடுக்கும் முன் வேலையிடப் பண்பாட்டை முடிவு செய்யும் முறை

சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, தப்பு செய்தவர் அதை எப்போது வாய்விட்டுச் சொல்கிறார், இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்கு யார் பதில் போடுகிறார், முதலாளியின் மச்சான் தாமதமாக வந்தால் யார் கேட்கிறார். ஒரு நிறுவனத்தின் வேலையிடப் பண்பாட்டை இந்த நான்கை வைத்தே சொல்லிவிடலாம்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் அலுவலகம் பார்க்கிறார்கள், பிறகு ஆள் எடுக்கிறார்கள், பிறகு சண்டை வருகிறது, அதற்குப் பிறகு விதி எழுதுகிறார்கள். அப்படி எழுதிய விதி யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகவே எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்த வேலையை ஆள் எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். பங்குதாரர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் இரண்டு வார இறுதிகள் போதும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த நான்கு வாரங்களில் உண்மையில் என்னென்ன வேலை நடந்தது என்ற பட்டியல். திட்டமிட்டது வேண்டாம், நடந்தது மட்டும். பங்குதாரர்களின் வாட்ஸ்அப் குழுவை மேலே தள்ளிப் பார்த்தால் கிடைத்துவிடும்.

வங்கியில் இருக்கும் பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும் என்ற கணக்கு. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்குறுதிகளே வேறு. அதை மறைத்துக்கொண்டு பண்பாடு பேசக் கூடாது.

உங்கள் மாநிலத்துக்கான இந்த ஆண்டுப் பொது விடுமுறைப் பட்டியலும், மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தப்பட்ட பிரதியும். பழைய பிரதியை நண்பரிடம் வாங்கி வேலை செய்யாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் நிறைய எண்கள் மாறிவிட்டன.

2. பங்குதாரர்கள் தனித்தனியாக எழுதுங்கள்

ஆளுக்கொரு தாள். பேசிக்கொள்ளாமல் இந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்.

பணம் குறைந்தால் முதலில் யாருடைய சம்பளம் நிற்கும்?
வாடிக்கையாளர் இரவில் அழைத்தால் யார் எடுப்பது?
நன்றாக வேலை செய்கிற ஒருவர் மற்றவர்களைக் கேவலமாகப் பேசினால் என்ன செய்வோம்?
ஓர் ஊழியர் யாரையும் கேட்காமல் எத்தனை ரிங்கிட் வரை செலவு செய்யலாம்?
சொந்தக்காரரை வேலைக்கு எடுக்கலாமா, எடுத்தால் யாருக்குக் கீழே?
நமக்குள் கருத்து ஒத்துப்போகாவிட்டால் கடைசி வார்த்தை யாருடையது?

தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் வயதில் மூத்தவரோ பணம் அதிகம் போட்டவரோ முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் அந்தத் தலையாட்டலில் சம்மதம் இல்லை என்பது தெரியவரும்.

தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான்காவது கேள்விக்கு ஒருவர் 50 என்றும் இன்னொருவர் 2,000 என்றும் எழுதியிருந்தால் அங்கே நில்லுங்கள். அந்த வித்தியாசம் பணத்தைப் பற்றியது போலத் தோன்றும், ஆனால் ஆள்களை எவ்வளவு நம்பலாம் என்பதில் இருவருக்கும் இருக்கும் இடைவெளி அது. 500 என்று நடுவில் பிடித்து முடித்துவிடாமல் ஏன் அந்த எண்ணை எழுதினார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியையும் அன்றே முடிக்க வேண்டும். விற்பனையில் கெட்டிக்காரரான ஒருவர் வரவேற்பில் இருக்கும் பெண்ணைத் திட்டும் நாள் வந்த பிறகு அதைப் பேசினால், பேச்சு விற்பனை எண்களைப் பற்றியே சுற்றும்.

3. சட்டம் போட்ட தரையைக் குறித்துக்கொள்ளுங்கள்

அதற்கு மேலே இருப்பதுதான் உங்கள் விருப்பம். கீழே இருப்பதைச் சலுகையாக எழுதக் கூடாது. '14 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) தருகிறோம்' என்று வேலை விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு அது சட்டப்படியே உரியது. விவரம் தெரிந்த விண்ணப்பதாரர் அந்த வரியைப் பார்த்ததும் உங்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்று புரிந்துகொள்வார்.

குறிக்க வேண்டிய எண்கள்: வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு. முதல் இரண்டு ஆண்டுக்குள் 8 நாள், ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள் வருடாந்தர விடுப்பு. பிரசவ விடுப்பு 98 நாள். மணமான ஆண்களுக்கு, ஓராண்டு வேலை செய்திருந்தால், தொடர்ச்சியாக 7 நாள் தந்தைமை விடுப்பு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்டு 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவான நிறுவனங்களும் இதற்குள் வந்துவிட்டன. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சந்தா 15ஆம் தேதிக்குள்.

ஓவர்டைமில் புதியவர்கள் அடிக்கடி தடுக்குகிறார்கள். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு என்பது பலருக்குத் தெரியும். அலுவலக வேலையில் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு அதைக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே இரவு, ஒரே வேலை, 3,900 வாங்குகிறவருக்கு ஓவர்டைம் உண்டு, 4,100 வாங்குகிறவருக்கு இல்லை. இந்த இடைவெளியை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்பது பண்பாட்டு முடிவு. மாற்று விடுப்பு தருவது எளிமையான வழி. எதுவும் சொல்லாமல் விட்டால், அடுத்த முறை அவசரம் என்றால் அந்த 4,100 வாங்குகிறவரின் தொலைபேசி அணைந்திருக்கும்.

இன்னொன்று. பாலியல் தொந்தரவு பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவது 2023 முதல் கட்டாயம். மூன்று பேர் வேலை செய்யும் சின்ன அறையாக இருந்தாலும் ஒட்டுங்கள். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரையும் கீழே எழுதுங்கள். புகாருக்கு உள்ளாகக்கூடியவரே முதலாளியாக இருந்தால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவது பெயரும் வேண்டும்.

4. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள்

அடுத்தவர் நிறுவனத்தின் பண்பாட்டை அப்படியே எடுத்து வைப்பது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. அதைத் தவிர்க்க இரண்டே கேள்விகள். ஒரு தப்பு நடந்தால் அதைத் திருப்பிச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? வேலை கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஜிக் (வேலை நடக்கும்போது பொருளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சாதனம்) செய்து கொடுக்கும் ஆறு பேர் கொண்ட பட்டறையை எடுத்துக்கொள்வோம். துளை 0.1 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் மின்சுற்றுப் பலகை அதில் உட்காராது. பொருள் வீண், மறுபடி செய்ய இரண்டு நாள், வாங்குகிறவரின் உற்பத்தி வரிசை நிற்கிறது. 'வேகமாகச் செய், உடைந்தால் பிறகு பார்' என்ற மென்பொருள் நிறுவன மந்திரம் இந்தப் பட்டறையைக் கவிழ்த்துவிடும். இங்கே தேவை அளவுப் பதிவேடு, இரண்டாவது ஆளின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக 'அண்ணே, நான்தான் தப்பா அளந்துட்டேன்' என்று அன்றே சொல்லக்கூடிய சூழல். சொன்னவரைப் பட்டறை நடுவில் நிறுத்தித் திட்டினால், அடுத்த தப்பு பெட்டிக்குள் போய் வாங்குகிறவர் கையில்தான் திறக்கும்.

கோலாலம்பூரின் பங்சார் சவுத்தில் கைபேசிச் செயலி செய்யும் நிறுவனம் இதற்கு நேர் எதிர். திரையில் ஒரு பொத்தானை மாற்றினால் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். அதற்கு மூன்று பேர் ஒப்புதல் கேட்டால் கெட்டிக்காரர்கள் சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அதே நிறுவனத்தில் வாடிக்கையாளரின் பணம் நகரும் இடம் மட்டும் பட்டறைபோல் நடக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு விதம் இருக்கலாம். எந்த வேலைக்கு எது என்று எழுதி வைத்திருந்தால் குழப்பம் வராது.

சமைத்து அனுப்புவது, பொருள் விநியோகம், வாடிக்கையாளர் அழைப்பு எடுப்பது போன்ற கடிகார வேலைகளுக்கு 'எப்போது வேண்டுமானாலும் வரலாம்' என்பது ஒத்துவராது. அங்கே சுதந்திரத்தை வேறு இடத்தில் கொடுங்கள்: அட்டவணையை இரண்டு வாரம் முன்கூட்டியே போடுவது, ஆள்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள விடுவது.

எது முக்கியம் என்று தடுமாறினால், உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் எந்த வேலையிலிருந்து வருகிறதோ அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

5. நேரமும் இடமும்

விண்ணப்பதாரர் வீட்டிலிருந்து உங்கள் வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று வரைபடத்தில் பாருங்கள், காலை 7.30க்கு. பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பினாங்குத் தீவுக்கு வருகிறவருக்கு 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கிறது. மழை பிடித்தால் அவர் எங்காவது ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அவரிடம் '9.05க்கு வந்தாய்' என்று கணக்குப் பார்த்தால் மழையில் ஓட்டச் சொல்கிறீர்கள் என்று பொருள். எல்லாரும் கட்டாயம் இருக்க வேண்டிய நேரம் 10 முதல் 4 வரை, மீதியை முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் இந்தச் சண்டை பாதி குறைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை 12.30 முதல் 2.45 வரை கூட்டம் வைக்காதீர்கள். முஸ்லிம் ஊழியர் ஒருவரும் இல்லாத நாளிலேயே இதை விதியாக்கிவிடுங்கள். முதல் முஸ்லிம் ஊழியர் சேர்ந்த வாரம் தொழுகைக்குப் போக அனுமதி கேட்டு நிற்கும்படி விடக் கூடாது.

வீட்டிலிருந்து வேலை செய்ய ஒருவர் எழுத்தில் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இதுவும் சட்டம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்வதைவிட, எந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை நாள் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுங்கள்.

6. மொழி, பெருநாள், சாப்பாடு

தமிழர்கள் தொடங்கும் நிறுவனங்களில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. கூட்டம் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். விவாதம் சூடானதும் பங்குதாரர்கள் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள், முடிவும் தமிழிலேயே எடுத்து முடிந்திருக்கும். வடிவமைப்பாளராக இருக்கும் மலாய்ப் பெண் குறிப்பேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை ஒதுக்க நினைக்கவில்லை, ஆனாலும் ஒதுக்கியாகிவிட்டது. விதி ஒன்றுதான்: அறையில் ஒருவருக்குப் புரியாத மொழியில் முடிவு எடுக்கக் கூடாது. அரட்டை எந்த மொழியிலும் இருக்கட்டும்.

மாமாக் கடை முடிவுகளும் இப்படித்தான். வேலை முடிந்து தே தாரிக் குடிக்கும்போது நல்ல யோசனை வரும், தப்பில்லை. ஆனால் ஆறு மணிக்குப் பிள்ளையை எடுக்க ஓடுகிறவர் அந்த மேசையில் இருக்க மாட்டார். அங்கே பேசியதை மறுநாள் காலை குழுவில் மூன்று வரியில் எழுதி, எல்லாரும் பார்த்த பிறகே அது முடிவு என்று வையுங்கள்.

பொது விடுமுறையில் குறைந்தது 11 நாள் கொடுக்க வேண்டும். தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், அதோடு பினாங்கில் ஆளுநர் பிறந்தநாள், கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச தினம் என ஐந்து நிலையானவை. மீதி ஆறை நிறுவனமே தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். அந்த ஆறை ஊழியர்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். தைப்பூசம் இந்த இரண்டு இடங்களிலும் விடுமுறை, எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. வேறு மாநில வாடிக்கையாளர் இருந்தால் அன்று தொலைபேசி எடுப்பது யார் என்றும் முடிவு செய்துவிடுங்கள். தமிழர் இல்லாத ஒருவர் தைப்பூசத்தன்று பார்த்துக்கொள்கிறார் என்றால், நோன்புப் பெருநாளிலும் சீனப் பெருநாளிலும் தமிழர்கள் பார்த்துக்கொள்வது முறை.

சாப்பாட்டு அறைக்கு நீண்ட சட்டம் வேண்டாம். குளிர்பெட்டியில் ஹலால் உணவுக்கு ஓர் அடுக்கு, சைவ உணவுக்கு ஓர் அடுக்கு. நிறுவனம் பணம் கொடுத்து வாங்கும் சாப்பாடு எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

7. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்ற பேச்சை விடுங்கள்

சொல்கிறவர் மனசார சொல்கிறார் என்பது தெரியும். ஆனால் கேட்கிறவரின் வாயை அது கட்டிவிடுகிறது. 'அண்ணே, சனிக்கிழமை வந்ததுக்கு ஓவர்டைம் உண்டா?' என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் தம்பிக்கு, 'என்னடா, நமக்குள்ள கணக்கா?' என்று பதில் வந்தால் அவர் இனிக் கேட்க மாட்டார். வேறு வேலை தேடுவார். குடும்பத்தில் கணக்குப் பார்ப்பது அசிங்கம். வேலையிடத்தில் கணக்குக் கேட்க முடியாமல் இருப்பதுதான் ஆபத்து.

அண்ணே, அக்கா, தம்பி என்று கூப்பிட்டுக்கொள்வதில் தவறில்லை, நம்முடைய பழக்கம் அது. தமிழர் அல்லாதவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தமிழர்களுக்குள் உறவு சொல்லிக்கொண்டால் அதில் ஒரு வேலி எழுந்துவிடும். எல்லாருக்கும் பெயர், அல்லது எல்லாருக்கும் அண்ணன் தம்பி.

சொந்தக்காரரை எடுத்தால், அவர் சொந்தம் அல்லாத பங்குதாரருக்குக் கீழே இருக்க வேண்டும். விடுப்பு, சம்பள உயர்வு, கண்டிப்பு எல்லாம் அந்தப் பங்குதாரர் கையில். உறவுக்காரரான பங்குதாரர் தலையிடக் கூடாது.

8. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நேர்மை, மரியாதை, ஒற்றுமை என்று சொற்களை எழுதாதீர்கள். அவற்றுக்கு எதிராக வாதாட யாரும் இல்லை, அதனால் அவற்றால் எந்தச் சண்டையும் தீராது. 'இது நடந்தால் இதைச் செய்வோம்' என்ற வடிவில் எழுதுங்கள், பன்னிரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல். மாதிரிக்குச் சில:

தப்பைக் கண்ட அன்றே சொன்னால் திட்டு கிடையாது. மறைத்து வைத்து வேறொருவர் கண்டுபிடித்தால் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை.

300 ரிங்கிட் வரை வாடிக்கையாளர் குறையைத் தீர்க்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரசீதைக் குழுவில் போட்டால் போதும்.

இரவு 7 முதல் காலை 8 வரை வரும் செய்திக்குப் பதில் எதிர்பார்க்க மாட்டோம். அவசரம் என்றால் அழைப்போம்.

சம்பளம் 28ஆம் தேதி. தாமதமாகும் என்று தெரிந்தால் 20ஆம் தேதிக்குள் எல்லாருக்கும் சொல்வோம், முதலில் பங்குதாரர் சம்பளம் நிற்கும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், இதைக் காப்பாற்ற நமக்கு என்ன செலவு என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். செலவே இல்லாத வாக்கியம் வெறும் அலங்காரம், அடித்துவிடுங்கள். காப்பாற்ற முடியாத அளவு செலவு என்றாலும் அடித்துவிடுங்கள்.

இரவுச் செய்தி விதியை முதலில் மீறுவது முதலாளியாகத்தான் இருப்பார். 10.40க்கு ஒரு யோசனை வரும், 'நாளைக்குப் பார்த்தால் போதும்' என்று சேர்த்து அனுப்பிவிடுவார். பார்க்கிறவருக்கு அந்த வரி கண்ணில் படாது, அனுப்பியவர் பெயர்தான் படும். யோசனையைக் கைபேசிக் குறிப்பில் எழுதி வைத்து, காலை 8.30க்கு அனுப்புங்கள்.

9. அந்தப் பக்கத்தை வைத்து ஆள் எடுங்கள்

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பே பக்கத்தை விண்ணப்பதாரருக்கு அனுப்பிவிடுங்கள். வந்ததும் 'இதில் எந்த விதி உங்களுக்குச் சிரமமாக இருக்கும்?' என்று கேளுங்கள். 'எல்லாம் ஓகே பாஸ்' என்கிறவரிடம் இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள். 'மாலை ஆறுக்கு மேல் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும், அந்த நேரத்தில் அழைப்பு எடுக்க முடியாது' என்கிறவர் பக்கத்தைப் படித்திருக்கிறார், உங்களிடம் உண்மையும் பேசுகிறார்.

அடுத்து அரை நாள் சோதனை வேலை, பணம் கொடுத்து. வேண்டுமென்றே ஒரு தகவலை விட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா, யூகித்து நிரப்புகிறாரா? ஜிக் பட்டறைக்குக் கேட்கிறவர் வேண்டும். செயலி நிறுவனத்தில், யூகித்துச் செய்துவிட்டு 'இப்படி யூகித்தேன்' என்று எழுதிக் கொடுப்பவர் நன்றாக ஒத்துவருவார்.

முதல் மூன்று பேரை அவசரத்தில் எடுக்காதீர்கள். நான்காவதாக வருகிறவர் உங்கள் பக்கத்தைப் படித்துக் கற்றுக்கொள்வதைவிட அந்த மூவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே அதிகம்.

தகுதிகாண் காலத்தில் 30, 60, 90ஆம் நாள்களில் அரை மணி நேரப் பேச்சு வையுங்கள். பேசியதை இருவரும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதிகாண் காலம் என்றால் காரணம் இல்லாமல் நிறுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவர்களையும் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. குறையை நேரத்தில் சொல்லி, திருத்த வாய்ப்புக் கொடுத்ததற்கு அந்த மின்னஞ்சல்கள்தான் ஆதாரம்.

10. 90 நாளில் எண்ணிப் பாருங்கள்

எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள். எண்ணுங்கள். இரவு 7க்கு மேல் குழுவில் விழுந்த செய்திகள் எத்தனை, அவற்றில் பங்குதாரர் அனுப்பியவை எத்தனை? 300 ரிங்கிட் உரிமையை யாராவது பயன்படுத்தினார்களா? தானாக வந்து சொன்ன தப்புகள் எத்தனை? மூன்று மாதத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் தப்பே நடக்கவில்லை என்று நம்பாதீர்கள். சொல்லப் பயப்படுகிறார்கள்.

யாரும் பயன்படுத்தாத விதியை எடுக்கலாம், மீறப்படும் விதியை மாற்றலாம். மாற்றினால் தேதி போட்டுப் புதுப் பக்கம் கொடுங்கள், பழையதையும் கோப்பில் வையுங்கள். ஊழியர் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டும்போது ஒரு முறை, பத்தைத் தாண்டும்போது ஒரு முறை இந்த எண்ணிக்கையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து பேர் ஒரே மேசையில் காதில் விழுந்து தெரிந்துகொண்டதை, பத்துப் பேருக்கு எழுதித்தான் சொல்ல முடியும்.

முதல் ஊழியர் விலகும்போது அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் கடைசிச் சம்பளமும் மீதி விடுப்புக்கான பணமும் அவர் கணக்கில் விழுந்த பிறகு. அதற்கு முன் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும். பணம் போய்ச் சேர்ந்த மறுவாரம், அலுவலகத்துக்கு வெளியே, ஒரே ஒரு கேள்வி: பக்கத்தில் எழுதியிருந்ததில் எது இங்கே நடக்கவே இல்லை?